ராத்திரிப் பல்வலிக்குக் கிராம்பு போதுமா?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 30 கிலோமீட்டர். பல்வலிக்காக நள்ளிரவில் அந்த மலைப்பாதையில் இறங்க யாரும் யோசிப்பார்கள். பெரும்பாலும் இறங்கத் தேவையும் இல்லை. பகலில் பொறுத்துக்கொண்ட வலி படுத்ததும் உயிரை எடுப்பதற்குக் காரணம் உண்டு. தலை தாழ்ந்தால் புண்பட்ட பல்கூழுக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது. கெட்டியான பல்லுக்குள் அது வீங்க இடமில்லை. ஆகவே இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுப்பதே முதல் வைத்தியம். வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிக்கலாம். கல்லீரல் கோளாறு இல்லாதவர்கள் அட்டையில் உள்ள அளவுப்படி பாராசிட்டமால் விழுங்கலாம். ஆஸ்பிரினை ஈறில் அடக்கிக்கொள்ள வேண்டாம், சதை வெந்துவிடும்.

‘கிராம்பு வைத்தாலே கேட்கிறதே’ என்பார்கள். கேட்கத்தான் செய்கிறது. அதிலுள்ள யூஜினால் நரம்பை மரத்துப்போகச் செய்யும்; பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். ஆனால் சொத்தையை அது அகற்றாது. ‘காலையில் வலியே இல்லை, பிறகெதற்குச் செலவு?’ என்பது அடுத்த வாதம். காப்பித் தோட்டத்தில் ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு அது நியாயமாகவே படும். ஆனால் பல்கூழ் செத்துப்போனாலும் வலி நிற்கும். பின்னர் வேர்நுனியில் சீழ் கட்டும், வேர் சிகிச்சையில் பிழைத்திருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க நேரலாம். வலி நின்றாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் விடியக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.