தயிர்சாதத்துக்கு இத்தாலி மச்சான்!

பேச்சிலர் சமையல் என்றாலே ஆம்லெட், நூடுல்ஸ், மறுபடியும் ஆம்லெட் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ்ஸுக்கும் லீவு. செல்போனில் ஆர்டர் பண்ணலாம்தான். ஆனால், இருபதாம் தேதிக்கு மேல் பர்ஸ் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது!

கவலையை விடுங்கள் சார். சில்லென்று, க்ரீம் குழைய ஒரு பாஸ்தா சாலட் செய்து அசத்தலாம். பேர்தான் ஃபைவ் ஸ்டார். உள்ளே பார்த்தால் நம்ம தயிர்சாதத்துக்கு மச்சான் முறை! அங்கே வெந்த அரிசி, இங்கே வெந்த கோதுமை. அவ்வளவுதான் மேட்டர்.

வில்லங்கம் அந்த க்ரீமில்தான். மேல்நாட்டில் மயோனைஸ் போடுவார்கள். பச்சை முட்டையும் எண்ணெயும் சேர்த்து அடிக்கிற சமாச்சாரம். முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் வயிறு கச்சேரியை ஆரம்பித்துவிடும். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2024 அக்டோபரில் தெலங்கானாவும், 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் ஓராண்டுத் தடை போட்டதே இதனால்தான். நமக்கென்ன, தயிர் இருக்க பயமேன்?

அரை லிட்டர் கெட்டித் தயிரைச் சுத்தமான துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே ஒரு கிண்ணத்தோடு இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் விடுங்கள். தண்ணீர் வடிந்து வெண்ணெய் மாதிரி நிற்கும். அதில் உப்பு, மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு ஒரு பல், அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு ஸ்பூன் எண்ணெய் போட்டு அடித்தால் க்ரீம் ரெடி.

மூன்று பேருக்கு 200 கிராம் பாஸ்தா போதும். ஸ்க்ரூ மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும் ரகம் நல்லது. க்ரீம் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் உப்புப் போட்டு வேகவிடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட ஒரு நிமிஷம் கூடவே வேகட்டும். ஏனென்றால் ஃபிரிட்ஜில் வைத்ததும் இறுகிவிடும். வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, மறுபடி நன்றாக வடியுங்கள்.

விதை நீக்கிய வெள்ளரி, கேரட், குடமிளகாய், தண்ணீரில் ஊறவைத்துக் காரம் போக்கிய வெங்காயம்... எல்லாம் பொடியாக நறுக்கிச் சேர்த்து, க்ரீமில் முக்கால் பங்கைப் போட்டுக் கிளறி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பாஸ்தா பொல்லாத பயல், க்ரீமை உறிஞ்சிவிடும். மீதிக் கால் பங்கைச் சாப்பிடும்போது கலந்தால் மறுபடி பளபள!

இப்போது கொஞ்சம் சீரியஸ். 2008-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாளாக வெளியிலேயே இருந்த ஸ்பகெட்டியைச் சூடுபண்ணிச் சாப்பிட்டு அன்றிரவே இறந்துபோனார். காரணம், பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி. அதன் விதைகள் கொதிநீரிலும் சாகாது. ஆறிய சோறு, பாஸ்தாவில் முளைத்து விஷம் கக்கும். சூடுபண்ணினாலும் அந்த விஷம் போகாது.

அம்மா கட்டித் தரும் தயிர்சாதம் மத்தியானம் வரை தாங்குகிறதே என்பீர்கள். அது டப்பாவுக்குள்ளேயே புளித்துக்கொண்டு வருவதால் அந்தப் புளிப்பு கிருமியை அடக்கி வைக்கும். பாஸ்தாவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. எனவே வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம்தான் கெடு. ஆபீஸில் ஃபிரிட்ஜ் இருந்தால் மட்டும் டிபன் பாக்ஸில் கட்டுங்கள். பவர் கட் பார்ட்டிகள் அன்றன்றைக்கே காலி பண்ணிவிடுவது உத்தமம்.

ரூம்மேட், "மச்சி, ஒரு ஸ்பூன் டேஸ்ட் பார்க்கிறேன்டா" என்று வந்தால் தடுக்காதீர்கள். பாத்திரம் துடைத்த மாதிரி ஆகிவிடும். நல்லதுதானே... மிச்சம் வைத்தால்தான் ஆபத்து!