மறைமலைநகருக்குத் தண்ணீர் தரும் மணல்!

செங்கல்பட்டு செல்லும் ரெயிலில் "மறைமலைநகர்" என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். தமிழறிஞர் மறைமலை அடிகள் (1876-1950) பெயரில் அமைந்த ஊர் அது. "வேதாசலம்" என்ற தம் பெயரையே "மறைமலை" என்று தமிழாக்கிக் கொண்டவர் அவர்.

சென்னையின் நெரிசலைக் குறைக்க, 1980-ஐ ஒட்டி உருவான நகரம் இது. வீடுகள் வந்தன, தொழிற்சாலைகள் வந்தன. குடிக்கத் தண்ணீர்?

பாலாறு கொடுத்தது!

"அதுதான் வறண்டு கிடக்கிறதே!" என்கிறீர்களா? வறட்சி மேலேதான். மழைநீரும் வெள்ளமும் மணலுக்குள் இறங்கித் தங்குகின்றன. ஆற்றுப் படுகையில் கிணறு அமைத்து, அந்த நீரை இறைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள்.

ஆக, மணல்தான் தண்ணீர்த் தொட்டி. மணலை அள்ளினால் தொட்டி சிறுத்துவிடும். லாரியில் போன மணலை ஆறு மீண்டும் கொண்டுவந்து சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

குழாயைத் திறக்கும்போது, குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்!