குளிர் முதலில் விரலைத்தான் பிடிக்கும்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், வானம் தெளிந்த இரவுகளில், நுவரெலியாவின் புல்வெளிகளில் உறைபனி படியும். விடிந்ததும் அதைப் படம்பிடிக்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அதே குளிரில், சற்றுத் தள்ளியுள்ள தேயிலை மலையில் ஒருவர் கத்தியுடன் மரம் ஏறிக்கொண்டிருப்பார். அவரை யாரும் படம்பிடிப்பதில்லை. அவர் எதை உடுத்தி, எதைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடுப்பாகவும் நிற்பது, பலரும் சவுக்கு என்று அழைக்கும் கிரவிலியா மரம். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மழைக்காலத்துக்கு முன் இதன் கிளைகளைக் கழிப்பார்கள். 1946 இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய், ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் கொழுந்தை எளிதில் தாக்கும். அதனால் செடிமேல் வெயில் விழ வேண்டும். விறகுக்காகவும், காற்றில் முறிந்து தொங்கும் கிளையை அகற்றவும் மற்ற மாதங்களிலும் ஏற நேரிடும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே குளிர் வெறும் அசௌகரியம் அல்ல. உடல் குளிர்ந்தால், இதயத்தையும் மூளையையும் காக்க, கை கால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல் மரத்துப்போகிறது. பிடித்த கிளை கையில் இருக்கிறதா என்றே தெரியாது. தரையில் நிற்பவருக்கு அது சிறு தொல்லை. மரத்தில் இருப்பவருக்கு உயிராபத்து.

குளிரைவிடக் கொடியது ஈரம். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துவிடும். மரம் ஏறும்போது வியர்க்கிறது. கிளையில் நின்று வெட்டும்போது அந்த வியர்வையே குளிர்கிறது. பருத்தி பனியன் ஈரத்தைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். நம் முன்னோர் கம்பளி போர்த்தி மலைக்குப் போனதில் நியாயம் இருந்தது. அந்தச் சொல்லைத் துரைமாரும் தங்கள் ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே ஒரே தடித்த உடுப்பைவிட மூன்று அடுக்கு நல்லது. உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய உடுப்பு, நடுவில் கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத சட்டை. சூடேறினால் ஒன்றைக் கழற்றலாம். தொங்கும் சால்வை, அகன்ற கை, சாரம் ஆகியவை கிளையில் மாட்டும், வேண்டாம். தலைக்கவசத்தின் கீழ் காதை மூடும் மெல்லிய தொப்பி போதும். கையுறை, பிடியை உணரும் அளவு மெல்லியதாக இருக்க வேண்டும். நனைந்தால் மாற்ற இன்னொரு சோடி வேண்டும். காலுக்கு வழுக்காத அடியுள்ள சப்பாத்து.

கயிற்றையும் கவனிக்க வேண்டும். நனைந்து உறைந்த கயிறு விறைத்துவிடும். அதில் போட்ட முடிச்சு இறுகாமல் நழுவக்கூடும். இரவில் கயிற்றை உலர்ந்த இடத்தில் வைப்பதும், ஏறுமுன் தாழ்வான கிளையில் பாரம் கொடுத்துப் பார்ப்பதும் அவசியம். இடுப்பையும் தொடையையும் தாங்கும் பட்டி வேண்டும். வெட்டும்போது ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும்படி இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். கீழே ஒருவர் நிற்க வேண்டும். பட்டையில் பனி இருந்தால் வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

நான் பார்த்த ஒருவரிடம் இவற்றில் எதுவும் இல்லை. பழைய சுவெட்டர், வெறுங்கால், தோளில் ஒரு கயிறு. அந்தக் கயிறும் கிளையை இறக்கத்தான். அவரைத் தாங்க அல்ல. "பழகிப்போச்சு மகள்" என்றார். பழக்கம் விரலைச் சூடாக்காது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்றவர்கள் நாம். நம் வீட்டுத் தோட்டத்திலும் கிளை வெட்ட ஆள் கூப்பிடுகிறோம். அவர் ஏறுமுன், "எதில் கட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்போம். வெயில் வரும்வரை பொறுக்கச் சொல்லி, உலர்ந்த துவாய் ஒன்றும் சூடான பிளேன்டீயும் கொடுப்போம். அந்த அரை மணித்தியாலத்துக்கும் சேர்த்தே கூலி கொடுப்போம்.