உருளைக்கிழங்கு சூப்பும் ஒரு கீரை மத்தும்

வேலூரிலோ சென்னையிலோ பெரிய ரெஸ்டாரண்ட் ஒன்றில் ‘லோடட் பொட்டேட்டோ சூப்’ சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கிண்ணம் மறக்காது. கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழியும் பதம், வெண்ணெய் நிறம், மேலே உருகிய சீஸ், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். ஊர் திரும்பியதும் அவர்கள் தேடுவது ஃப்ரெஷ் கிரீம். வந்தவாசி போன்ற ஊரில் அது எந்நேரமும் எந்தக் கடையிலும் கிடைக்கிற பொருள் அல்ல. கிடைக்காதவர்கள் ஆசையை அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கிடைத்தவர்கள் ஒரு பாக்கெட் முழுவதையும் கொதிக்கிற பாத்திரத்தில் ஊற்றி, அது திரிந்து போவதைப் பார்த்து நொந்துகொள்கிறார்கள். இரண்டுமே வேண்டாத பாடு. அந்தச் சூப்பின் குழைவுக்குக் கிரீம் காரணமே இல்லை. உருளைக்கிழங்கில் இருக்கும் மாவுச்சத்துதான் காரணம். அதைக் குழைக்கும் கருவியும் பக்குவமும் கீரை கடையத் தெரிந்த எந்தத் தமிழ் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதே என் வாதம்.

கிழங்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மாவுச்சத்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகளுக்குள் சிறுசிறு மணிகளாக அடைபட்டிருக்கிறது. அரிசியின் மாவு மணிகளோடு ஒப்பிட்டால் இவை பல மடங்கு பெரியவை. தண்ணீரின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மணிகள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கின்றன. அறை முழுவதும் கூழாகிறது. கொதிநிலையை நெருங்கும்போது அறைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்த பெக்டின் கரைந்து விட்டுப்போகிறது. இந்த நிலையில் கிழங்கை மெல்ல மசித்தால் அறைகள் உடையாமல் தனித்தனியாகப் பிரியும். கூழ் நிரம்பிய நுண்ணிய பைகள் நாக்கில் உருளும்போதுதான் ‘கிரீம் போல இருக்கிறது’ என்கிறோம். ஒரு சொட்டுப் பால்கூட இதுவரை சேரவில்லை.

வீட்டில் செய்கிறவர்கள் சறுக்குகிற இடம் இதற்கு அடுத்த நிமிடம். வெந்த கிழங்கை மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று சுற்றுகிறார்கள். கத்தி அந்தப் பைகளையெல்லாம் கிழித்துவிடுகிறது. உள்ளே இருந்த கூழ் வெளியே கொட்டி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பசையாகிறது. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுபடும். வாயில் வைத்தால் மேலண்ணத்தில் ஒட்டும். அதன்பின் எத்தனை கிரீம் ஊற்றினாலும் அந்தப் பசைத்தன்மை போகாது. காரட், பூசணி சூப்புக்கு மிக்ஸி ஒத்துவரும். அவற்றில் மாவுச்சத்து குறைவு. உருளைக்கு அது ஆகாது. நம் வீட்டுக் கீரை மத்துக்கு வெட்டத் தெரியாது, நசுக்கிப் பிரிக்க மட்டுமே தெரியும். அதனால்தான் இந்த வேலைக்கு அது மிக்ஸியைவிட உயர்ந்த கருவி. பருப்புக் கீரையைக் கடையும் அதே கையசைவு போதும், இன்னும் கொஞ்சம் மென்மையாக.

மாவுச்சத்து ஓரிடத்தில் உணவாகவும் இன்னோரிடத்தில் பசையாகவும் நடந்துகொள்ளும் என்பதை இந்த வட்டாரத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோரைப்பாய்க்குப் பேர்போன வந்தவாசிக்குப் பக்கத்திலேயே பட்டுத் தறிகளின் ஆரணி இருக்கிறது; ஆரணி அரிசிக்கும் பெயர் பெற்றது. தறியில் ஏறுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது நெசவாளர்களின் பழைய வழக்கம். இழைகள் பிசிறு அடங்கி, நாடா ஓடும்போது அறுபடாமல் இருப்பதற்காக அது. அங்கே ஒட்டுவதுதான் மாவுச்சத்தின் வேலை. சூப்பிலோ ஒட்டினால் கெட்டது. ஒரே பொருளை உடைத்துப் பயன்படுத்துவதற்கும் உடைக்காமல் பயன்படுத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இனி கிழங்கைத் தேர்ந்தெடுப்பது. எல்லா உருளையும் ஒன்றல்ல. வெந்ததும் பொலபொலவென்று உதிர்வது ஒரு வகை. வெந்தாலும் துண்டு துண்டாக நிற்பது இன்னொரு வகை. முதல் வகையில் மாவுச்சத்து அதிகம். சூப்புக்கு அதுதான் வேண்டும். குருமாவுக்கு இரண்டாவது. கடைக்காரரிடம் ஊட்டிக் கிழங்கா, வடக்கிலிருந்து வந்ததா என்று கேட்பது நல்ல பழக்கம்தான்; ஆனால் பெயரைவிடச் சோதனை நம்பகமானது. பதினொரு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு தூள் உப்பைக் கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மாவுச்சத்து நிறைந்தது கனத்து மூழ்கும், மற்றது மிதக்கும். வாங்கி வந்ததை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். கடுங்குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சூப் அசட்டுத் தித்திப்பாகவும் நீர்த்தும் போகும். தோல் பச்சை பூத்த கிழங்கைச் சூப்புக்கு மட்டுமல்ல, எதற்குமே எடுக்க வேண்டாம்.

நான்கு பேருக்கு அரை கிலோ கிழங்கு கணக்கு. தோல் சீவி, ஒரே அளவுத் துண்டுகளாக்குங்கள். அடிகனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, ஒரு பெரிய வெங்காயத்தையும் நான்கு பல் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்க வேண்டும். நிறம் மாறினால் சூப்பும் பழுப்பாகும்; ருசி கெடாது, ஓட்டல் வெண்மை போய்விடும். கிழங்கையும் உப்பையும் போட்டு, மூன்று டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சூடேற்றுங்கள். கொதிக்கிற நீரில் கிழங்கைப் போட்டால் வெளிப்புறம் கரைந்த பிறகும் நடு வேகாமல் நிற்கும். குக்கர் வேண்டாம் என்பது என் கட்சி. விசிலுக்கு இடையே கிழங்கு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பார்க்க வழியில்லை; ஒரு விசில் கூடினால் அறைகள் தாமாகவே வெடிக்கத் தொடங்கிவிடும். திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகும். கத்தி முனை தடையின்றி இறங்கியதும் மூன்றில் ஒரு பங்குத் துண்டுகளை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மீதியை அந்தத் தண்ணீரிலேயே மத்தால் மசியுங்கள். பிறகு எடுத்துவைத்த துண்டுகளைத் திரும்பப் போடுங்கள். கடித்துச் சாப்பிடத் துண்டு இல்லாவிட்டால் அது சூப் அல்ல, கூழ்.

பால் இதற்குப் பிறகுதான். அடுப்பைத் தணித்து, ஒரு டம்ளர் காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக ஊற்றிக் கலக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம். பின்னது கிடைத்தால் அதையே ஊற்றலாம். கிழங்கின் மாவுச்சத்து பாலின் புரதங்கள் திரண்டு கட்டியாவதை ஓரளவு தடுக்கும் என்பதால், தக்காளியோ எலுமிச்சையோ சேர்க்காதவரை பால் திரியும் என்ற பயம் வேண்டாம். புளிப்பு பாலுக்கு மட்டுமல்ல, கிழங்குக்கும் எதிரிதான்: புளிப்பு நீரில் பெக்டின் எளிதில் கரையாது, கிழங்கு மணிக்கணக்கில் வேகாமல் அடம்பிடிக்கும்.

‘கிரீம் தேவையில்லை என்றால் ஓட்டல்காரர்கள் ஏன் ஊற்றுகிறார்கள், அவர்களுக்குத் தெரியாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் மதியம் காய்ச்சிய சூப்பை இரவுவரை சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். முதல் கிண்ணமும் கடைசிக் கிண்ணமும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். வெண்ணெயில் வறுத்த மைதாவோ கார்ன்ஃப்ளாரோ அந்த உறுதியைத் தருகிறது. கொழுப்பு மிகுந்த கிரீம் நீண்ட நேரச் சூட்டைப் பாலைவிட நன்றாகத் தாங்குகிறது. அது அவர்களுடைய தொழிலின் நிர்பந்தம். அடுப்பிலிருந்து நேரே தட்டுக்குப் போகும் வீட்டுச் சூப்புக்கு அந்த நிர்பந்தம் கிடையாது. மைதாவைக் கரைத்துக் காய்ச்சினால் என்ன வரும் என்பது சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கொழுப்பே இல்லாமல் இந்தச் சூப் ருசிக்காது. பூண்டு, மிளகு இவற்றின் மணம் கொழுப்பில்தான் தங்கும். அந்த இரண்டு கரண்டி வெண்ணெயைக் குறைத்துச் சிக்கனம் பிடித்தால் மிஞ்சுவது வெந்த கிழங்குத் தண்ணீர்.

‘நமக்கு எதற்கு அந்நியச் சூப்?’ என்பது இன்னொரு மறுப்பு. உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்காவில் பிறந்து கடல்வழி வந்தவை என்பதை இங்கே நினைவூட்டினால் போதும். நீலகிரியில் உருளையை ஊன்றியவர்களில் முன்னவர், 1819-இல் மலையேறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். போக்குவரத்து ஒருவழியானதும் அல்ல. நம் மிளகுத்தண்ணீர் ‘முல்லிகட்டானி’ என்ற பெயரில் ஆங்கிலேயர் மேசையில் சூப்பாகி, மெட்ராஸ் மாகாணத்து அதிகாரிகளுக்கு ‘முல்’ என்ற கேலிப்பெயரையே வாங்கித் தந்தது. வந்தவாசிக்கு இதில் தனியாகவே ஒரு பங்குண்டு. 1760 ஜனவரி 22 அன்று இந்த ஊரருகே அயர் கூட்டின் ஆங்கிலப் படையிடம் லாலியின் பிரெஞ்சுப் படை தோற்றதே, அந்தப் போர் ஐரோப்பாவில் நடந்த ஏழாண்டுப் போரின் ஒரு கிளை. அதே போரின் ஐரோப்பியக் களத்தில் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்ட பார்மாந்தியே என்ற பிரெஞ்சு இராணுவ மருந்தாளுநருக்கு அங்கே சாப்பாடாகக் கிடைத்தது உருளைக்கிழங்கு. பிரான்சில் அப்போது அதை மாட்டுத்தீவனம், நோய் தரும் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். தின்றும் நோயின்றி ஊர் திரும்பிய அவர், வாழ்நாள் முழுவதும் உருளைக்காக வாதாடினார். 1772-இல் பாரிஸ் மருத்துவப் பள்ளி அது உண்ணத்தக்கது என்று அறிவித்தது. பிரெஞ்சுச் சமையலில் உருளைக்கிழங்கு சூப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். வந்தவாசிக்குத் தொடர்பில்லாத பண்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேட்பதற்குத்தான் என்னிடம் சமாதானம் குறைவு. உருளை இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு. குழைந்த நிலையில் இன்னும் வேகமாக. சாப்பாட்டுக்கு முன் பசியைத் தூண்டும் பண்டமாக நினைத்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் பிறகு சோற்றிலும் கை வைப்பதுதான் தவறு. இதுவே ஒரு வேளைச் சாப்பாடு. அப்படி எண்ணினால் அளவும் தானே அடங்கும். சித்திரை வெயிலில் இதை யார் குடிப்பார்கள் என்றால், யாரும் குடிக்க வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழைக்கும் மார்கழிப் பனிக்கும் உரியது இது.

மேலே தூவுவதற்கு மட்டும் அமெரிக்காவைப் பின்பற்ற வேண்டியதில்லை. அங்கே புகையூட்டிய பன்றி இறைச்சியை மொறுமொறுவென்று வறுத்து உதிர்ப்பார்கள். அதன் வேலை உப்பும் நொறுங்கலும். வறுத்த மோர்மிளகாயை நொறுக்கிப் போட்டால் இரண்டும் கிடைக்கும், கூடவே காரமும். புளித்த கிரீமுக்குப் பதில் துணியில் கட்டி நீர் வடித்த தயிர் ஒரு கரண்டி, ஆனால் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு. சீஸைத் துருவி அடுப்பை அணைத்த பின் சேருங்கள். கொதிநிலையில் அது எண்ணெய் கக்கி ரப்பராகிவிடும். சூப் மிஞ்சினால் மறுநாள் கெட்டித்துப்போய் இருக்கும். ஆறிய மாவுச்சத்து இறுகுவது இயல்பு, கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். சிறுதீயில் அரை டம்ளர் சூடான பால் ஊற்றி மத்தால் ஒரு கடை கடைந்தால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.