சென்னைக் கடற்கரை – தாம்பரம் புறநகர் இருப்புவழி

சென்னைக் கடற்கரை – தாம்பரம் புறநகர் இருப்புவழி என்பது சென்னைத் துறைமுகத்தை ஒட்டியுள்ள கடற்கரை நிலையத்தையும் நகரின் தென்மேற்கே உள்ள தாம்பரத்தையும் இணைக்கும் மின்தொடர்வண்டித் தடமாகும். இதன் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1931 ஆம் ஆண்டு மே 11 அன்று பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்த இத்தடம், தென்னிந்தியாவின் முதல் மின்சார இருப்புவழியாகும். மும்பைக்கு (1925) அடுத்ததாக மின்சாரப் புறநகர்த் தொடர்வண்டியைப் பெற்ற இந்திய நகரம் சென்னையே. கொல்கத்தாவில் இச்சேவை 1957 இல்தான் தொடங்கியது.

தோற்றம்

தாம்பரம் வழியே தெற்கே செல்லும் மீட்டர் பாதை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே போடப்பட்டுவிட்டது. தென்னிந்திய இரயில்வே நிறுவனத்திற்குச் சொந்தமான அப்பாதையில் நீராவி வண்டிகள் ஓடின. 1908 இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையம் அவற்றின் சென்னை முனையமாயிற்று. ஆனால் நகரின் அலுவலகங்கள் எழும்பூரில் இல்லை. துறைமுகம், உயர்நீதிமன்றம், தலைமை அஞ்சலகம், வணிக நிறுவனங்கள் ஆகியன அனைத்தும் ஜார்ஜ் டவுன் பகுதியில் குவிந்திருந்தன. நாள்தோறும் வேலைக்கு வருவோருக்குப் பயன்பட வேண்டுமானால் வண்டி கடற்கரை வரை வந்தாக வேண்டும். எனவே 1920களில் உருவான மின்மயத் திட்டத்தில், எழும்பூரிலிருந்து கடற்கரை வரையிலான பாதைகளும், தொலைதூர வண்டிகளின் குறுக்கீடின்றிப் புறநகர் வண்டிகள் ஓடத் தனிப் பாதைகளும் சேர்க்கப்பட்டன. பிற்காலத்தில் இத்தடம் தாங்கிய நெரிசலை எண்ணிப் பார்த்தால், மின்சாரத்தைவிட இத்தனிப் பாதைகளே பெரிய முன்னேற்பாடு எனலாம்.

தொடக்கத்தில் 1500 வோல்ட்டு நேர் மின்னோட்டம் பயன்படுத்தப்பட்டது. வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனை தாம்பரத்தில் அமைந்தது.

தடமும் ஊர்களும்

இவ்வழியில் இரு முனைகளையும் சேர்த்து 18 நிலையங்கள் உள்ளன: கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம்.

நிலையப் பெயர்களிலேயே இப்பகுதியின் வரலாறு தங்கியுள்ளது. குரோம்பேட்டை என்னும் பெயர் அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. 1928 இல் மருத்துவர் சவுரிமுத்து நிறுவிய காசநோய் மருத்துவமனை சானடோரியம் நிலையத்திற்குப் பெயர் தந்தது. நகரின் புகையும் நெரிசலும் எட்டாத இடம் என்பதற்காகக் காசநோயாளிகள் அனுப்பப்பட்ட ஊர், வண்டிகள் பெருகியபின் நகரின் ஒரு பகுதியாகவே மாறியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937 இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தபோது மின்தொடர்வண்டிக்கு ஆறு வயது. 1958 இல் உருவான கிண்டித் தொழிற்பேட்டையின் தொழிலாளர்களும் இவ்வழியைச் சார்ந்திருந்தனர்.

தடம் ஊர்களை இணைத்ததுபோலவே பிரிக்கவும் செய்தது. நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்ட தியாகராய நகர் பாதையின் கிழக்கேயும், மேற்கு மாம்பலம் மறுபுறமும் அமைந்தன. இரண்டுக்கும் இடையே செல்வோர் சுரங்கப்பாதைகளையும் நடைமேம்பாலத்தையும் நம்பியுள்ளனர். மாம்பலம் நிலையத்தைத் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்துடன் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது.

மின்னோட்ட மாற்றம்

1960களின் நடுவில் தாம்பரத்திற்குத் தெற்கே விழுப்புரம் வரை 25,000 வோல்ட்டு மாறு மின்னோட்டத்தில் மின்மயமாக்கப்பட்டது. இம்முறையில் மின்னழுத்தம் மிகுதியாதலால் ஓட்டம் குறைவு. மெல்லிய கம்பிகளும் குறைந்த எண்ணிக்கையிலான துணை மின்நிலையங்களும் போதும். ஆனால் பழைய நேர் மின்னோட்ட வண்டிகள் அதில் ஓட இயலாது. தாம்பரத்தில் இரு முறைகளும் முட்டி நின்றன. 1967 இல் கடற்கரை – தாம்பரம் பகுதியும் 25,000 வோல்ட்டிற்கு மாற்றப்பட்டு இச்சிக்கல் தீர்ந்தது. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்ட மீட்டர் பாதை மின்வண்டிகள் பழையனவற்றின் இடத்தைப் பிடித்தன.

பாதை அகலம்

மின்னோட்டத்தை மாற்றிய பின்னரும் தண்டவாளங்களின் இடைவெளி மாறவில்லை. மீட்டர் பாதையின் அகலம் 1000 மில்லிமீட்டர். அகலப் பாதையினது 1676 மில்லிமீட்டர். இந்தியாவில் மின்மயமாக்கப்பட்ட ஒரே மீட்டர் பாதைத் தொகுதி சென்னைக் கடற்கரை – விழுப்புரம் பகுதியே. பெட்டி குறுகியதாதலால் ஒரு வண்டியில் ஏறக்கூடியோர் எண்ணிக்கையும் குறைவு. நகரம் பெருகப் பெருக, வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டியே இக்குறையை ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

மற்றொரு விளைவும் உண்டு. சென்ட்ரலிலிருந்து வடக்கும் மேற்கும் செல்லும் வழிகள் அகலப் பாதையாக இருந்ததால், ஒரே நகரின் இரு தொடர்வண்டி அமைப்புகளுக்கிடையே வண்டிகள் மாறிச் செல்ல வழியில்லை. தாம்பரத்திலிருந்து ஆவடிக்குச் செல்பவர் பூங்கா நிலையத்தில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, மறுபுறம் வேறு வண்டி ஏறுவதே வழக்கமாயிற்று. இன்றும் பலர் அவ்வாறே செல்கின்றனர்.

ஒரே பாதை அகலம் என்னும் கொள்கையை இந்திய இரயில்வே 1992 இல் ஏற்றபின், இத்தடத்தின் மாற்றம் படிப்படியாக நடந்தது. நாள்தோறும் பெருந்திரள் பயணிக்கும் வழியை மூடிவிட்டு வேலை செய்ய இயலாதாகையால், ஒவ்வொரு பாதையாக மாற்றப்பட்டது. சில ஆண்டுகள் மீட்டர் பாதை வண்டிகளும் அகலப் பாதை வண்டிகளும் அருகருகே ஓடின. 2004 சூலையில் மீட்டர் பாதை மின்வண்டிச் சேவை முடிவுக்கு வந்தது.

நெரிசலும் விபத்தும்

அகலப் பெட்டிகள் வந்தும் நெரிசல் தீரவில்லை. தாம்பரத்திற்கு அப்பால் செங்கல்பட்டு வரையிலும், திருமால்பூர் வரையிலும் செல்லும் வண்டிகளும் இதே தடத்தில் வருகின்றன. 2018 சூலை 24 அன்று மேல்நிலை மின்கம்பிக் கோளாறால் புறநகர் வண்டி ஒன்று விரைவு வண்டிகளுக்கான பாதையில் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் படியில் தொங்கிச் சென்ற பயணிகள் பாதையோரச் சுவரில் மோதி உயிரிழந்தனர். படிப்பயணம் தண்டனைக்குரியது என்ற அறிவிப்பு எல்லா நிலையங்களிலும் உண்டு. ஆயினும் கதவு மூடாத பெட்டிகளில், காலை நேரத்தில் உள்ளே இடமில்லாதபோது அந்த அறிவிப்பிற்குப் பயன் குறைவே.

அண்மைக் காலம்

1995 இல் தொடங்கிய பறக்கும் தொடர்வண்டிக்கும் கடற்கரையே முனையமாயிற்று. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காம் பாதை அமைப்பதற்காக, 2023 ஆகத்து முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் தொடர்வண்டிகள் கடற்கரை வரை வராமல் சிந்தாதிரிப்பேட்டையுடன் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரை – செங்கல்பட்டு இடையே குளிரூட்டப்பட்ட புறநகர் வண்டி ஓடத் தொடங்கியது. 12 பெட்டிகள் கொண்ட இவ்வண்டியும் பெரம்பூர்த் தொழிற்சாலையில் கட்டப்பட்டதே. இதன் கதவுகள் தாமாக மூடிக்கொள்பவை; கட்டணம் சாதாரண வண்டியைவிடப் பன்மடங்கு கூடுதல்.