உடைவது தகடு அல்ல... பிடிதான்! - ட்ரெய்லர் லாரிகளின் பின்சக்கர மட்கார்டு

ஐப்பசி மழையில் நெடுஞ்சாலையில் டூ-வீலர் ஓட்டியவர்களுக்கு அந்தச் சில நொடிகள் மறக்காது. முன்னால் ஒரு ட்ரெய்லர் லாரி. அதன் பின்சக்கரங்கள் வாரியிறைக்கிற சேற்றுத் தண்ணீர் மொத்தமாக வந்து ஹெல்மெட் கண்ணாடியில் அப்பும். லாரியும் தெரியாது, சாலையும் தெரியாது. பின்னால் மனைவி, நடுவில் குழந்தை. பிரேக் பிடிப்பதா, ஒதுங்குவதா என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது. ஜோடி டயருக்கு நடுவில் சிக்கிய ஜல்லி தெறித்தால் இன்னும் மோசம்.

லாரி ஓட்டுபவரைத் திட்டித் தீர்ப்போம். ஆனால், பல நேரங்களில் அவருடைய வண்டியில் மட்கார்டு இருந்திருக்கும். நூறு கிலோமீட்டருக்கு முன்னால் எங்கோ கழன்று விழுந்திருக்கும். அல்லது பாதி உடைந்து, கயிறு போட்டுக் கட்டப்பட்டு ஆடிக்கொண்டிருக்கும்.

லாரி பாடி கட்டுவதற்கும், சமையல் எரிவாயு ஏற்றும் புல்லட் டேங்கர்களுக்கும் பெயர்போன ஊர் நாமக்கல். அங்கே கடன் வாங்கி வண்டி எடுத்த குடும்பங்களின் செலவுக் கணக்கில் டீசல், டயர், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் முடிந்த பிறகுதான் மட்கார்டுக்கு இடம். எஃப்.சி.க்கு முதல் நாள் ஏதோ ஒரு தகட்டை மாட்டிக் காட்டிவிட்டு வருவதும் உண்டு. அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகாது. ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டியின் பின்சக்கரங்களுக்கு மேலேதான் ட்ரெய்லருக்குப் போகும் காற்றுக் குழாய்களும் மின்சார ஒயர்களும் தொங்குகின்றன. தெறிக்கிற கல் பிரேக் குழாயைக் கிழித்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். மட்கார்டு பின்னால் வருபவருக்கு மட்டுமல்ல, வண்டிக்கும் காவல்தான்.

எதில் வாங்குவது? இரும்புத் தகடு மலிவு. நசுங்கினால் எந்தப் பட்டறையிலும் தட்டி நிமிர்த்தலாம். ஆனால், துருப்பிடிக்கும். உள்பக்கமாக வளைந்துவிட்டால் ஓரம் கத்தி மாதிரி டயரைச் சீவும். அலுமினியம் எடை குறைவு, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஓயாத அதிர்வில் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். எஸ்.எஸ். பளபளக்கும். ஆனால், விலையைக் குறைக்க மெல்லிய தகட்டில் செய்தால் அதுவும் போல்ட் பக்கத்தில் கிழியும்.

தினமும் லோடு அடிக்கிற வண்டிக்கு, தடிமனான கறுப்பு பாலிஎத்திலீன் மட்கார்டுதான் நல்ல தேர்வு. அமெரிக்காவின் நெடுந்தூர ட்ரக்குகளில் பளபளக்கும் எஸ்.எஸ். மட்கார்டுகளுக்குப் போட்டியாக இவை ஓடுவது அழகுக்காக அல்ல. ரீட்ரெடிங் டயரின் பட்டை பிய்ந்து அடித்தால் இரும்பு வளைந்து அப்படியே நிற்கும். இது வளைந்து, திரும்பப் பழைய நிலைக்கு வரும். கறுப்பு நிறத்துக்கும் காரணம் உண்டு. அதில் கலக்கும் கார்பன், வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கிப்போகாமல் காக்கிறது. கடையில் வாங்கும்போது ஓரத்தைக் கையால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். சட்டென வெள்ளைக் கோடு விழுந்தால் அது சீக்கிரம் உடைகிற ரகம்.

ஆனால், எந்தத் தகடு வாங்கினாலும் பெரும்பாலும் முதலில் போவது தகடு அல்ல. அதைத் தாங்கும் பிராக்கெட். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஒரு குழாய். அதன் நுனியில் மட்கார்டு. கை நீட்டி ஒரு குடம் தண்ணீரைப் பிடித்து நிற்பது மாதிரிதான். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கை குலுங்குகிறது. மழைக்காலத்தில் உள்ளே ஒட்டும் சேறு வேறு எடையைக் கூட்டும். முழு பாரமும் வந்து விழுவது குழாய் சேசிஸோடு சேரும் இடத்தில்.

அதனால் ஒரு மட்கார்டுக்கு இரண்டு பிடி கட்டாயம். ஒற்றைக் குழாயில் நிற்பது கம்பத்தில் கட்டிய கொடி மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். போல்ட் தலைக்கு அடியில் அகலமான வாஷர், இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ரப்பர், அதிர்வில் கழலாத நைலாக் நட்... இந்த மூன்றுக்கும் ஆகிற செலவு அற்பம். துறைமுகத்துக்குப் போய்வரும் வண்டியில் அலுமினியத் தகட்டை எஸ்.எஸ். போல்ட்டால் நேரடியாக முடுக்கினால், உப்புக் காற்றில் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும். அங்கேயும் நடுவில் ரப்பர் வேண்டும்.

இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். அவசரத்துக்கு பிராக்கெட்டை சேசிஸில் நேராக வெல்டிங் வைப்பது, சேசிஸின் மேல், கீழ் மடிப்புகளில் ஓட்டை போடுவது... இரண்டும் கூடாது. பாரம் முழுவதையும் சுமப்பது அந்த மடிப்புகள்தான். சூடு பட்ட இடத்திலும் ஓட்டை போட்ட இடத்திலும் விரிசல் தொடங்கும். நடுச்சுவரில் கம்பெனியே விட்டிருக்கும் ஓட்டைகளைப் பயன்படுத்த வேண்டும். பிராக்கெட்டில் வெல்டிங் வேலை இருந்தால் கழற்றி எடுத்துப்போய்ச் செய்து வரட்டும். வண்டியில் வைத்தே வெல்டிங் செய்தால் இப்போதைய பி.எஸ்.6 வண்டிகளின் எலெக்ட்ரானிக் பாகங்கள் கெட்டுப்போகலாம். புல்லட் டேங்கர் கோத்திருந்தால் பக்கத்தில் வெல்டிங் தீப்பொறி என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்தது அளவு. காலி வண்டியில் பார்த்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் இருக்கும். லோடு ஏறினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கும், சேசிஸ் இறங்கும், அதோடு மட்கார்டும் இறங்கும். காலியாக அளந்து மாட்டியதுதான் முதல் பெரிய பள்ளத்திலேயே டயரில் உரசிப் புகைகிறது. லோடு ஏற்றிய நிலையில், ஆக்ஸிலுக்கும் மேலே இருக்கும் ரப்பர் ஸ்டாப்பருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சக்கரம் இன்னும் அவ்வளவு மேலே ஏறும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அதைவிடக் கூடுதலாக இடம் வேண்டும். அதற்காக ஒரேயடியாகத் தூக்கி மாட்டினால் தண்ணீரைத் தடுக்காது; மேலே ட்ரெய்லரின் அடிப்பாகத்தில் இடிக்கும். இந்த இடப் பிரச்னைக்காகத்தான் ஐரோப்பிய வண்டிகளில் மேல்பகுதியை மட்டும் தனியாகக் கழற்றுகிற மூன்று துண்டு மட்கார்டு வைத்தார்கள்.

அகலமும் முக்கியம். இரண்டு டயரையும் முழுசாக மூட வேண்டும். வெளி டயரை மட்டும் மூடிவிட்டு உள் டயரை விட்டுவிட்டால் பாதிச் சேறு வழக்கம்போல் பறக்கும்.

கீழே தொங்கும் ரப்பர் ஃபிளாப் தரையைத் தொடுகிற அளவுக்கு நீளமாக இருந்தால்தான் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் அந்த ரப்பரின் மேல் ஏறினால் ஃபிளாப், மட்கார்டு, பிராக்கெட் மூன்றையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். ஒரு சாண் உயரம் விட்டு வெட்டினால் போதும்.

மாட்டி முடித்ததும் ட்ரெய்லரைக் கோத்து, காலி மைதானத்தில் இடமும் வலமும் முழுசாக ஒடித்துப் பார்க்க வேண்டும். எடைமேடை ஏற்றத்தில் ஒருமுறை ஏறி இறங்கி, எங்காவது புதுச் சிராய்ப்பு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முதல் ட்ரிப் முடிந்து வந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி ஒரு முடுக்கு. ரப்பர் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதற்குப் பிறகு, டயரில் காற்று இருக்கிறதா என்று டிரைவர் கம்பியால் தட்டிப் பார்க்கும்போதே பிராக்கெட்டையும் இரண்டு தட்டு தட்டினால் போதும். கடகடவென்று சத்தம் வந்தால், ஸ்பேனரை எடுத்து முடுக்கிவிட்டே வண்டியைக் கிளப்பலாம்.