ஒரு நாள் பிந்தினால் மூவாயிரம் குறையும்

2009 மே 31 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் ரூ.8,370. மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு ரூ.5,200. இருவரும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்தவர்கள்தான். இருவரும் தொடக்கப் பள்ளியில் அதே பிள்ளைகளுக்கு ‘அ’னா, ‘ஆ’வன்னா சொல்லித் தருகிறவர்கள்தான். இடையில் கழிந்தது ஒரே ஓர் இரவு. அந்த இரவின் விலை மாதம் ரூ.3,170.

இது எப்படி நேர்ந்தது? ஐந்தாவது ஊதியக்குழுவின்போது மத்திய அரசின் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் தமிழ்நாட்டின் இடைநிலை ஆசிரியருக்கும் ஒரே ஊதிய விகிதம்தான்: 4,500–7,000. ஆறாவது ஊதியக்குழு வந்தபோது மத்திய அரசு தன் ஆசிரியர்களை 9,300–34,800 என்ற விகிதத்துக்கு ஏற்றி, ரூ.4,200 தர ஊதியமும் கொடுத்தது. தமிழ்நாடு தன் ஆசிரியர்களை 5,200–20,200 விகிதத்தில் வைத்து, தர ஊதியத்தை ரூ.2,800 என்று நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களின் பழைய அடிப்படை ஊதியத்தை 1.86 ஆல் பெருக்கினார்கள். 4,500 பெற்றவருக்கு 8,370 வந்தது. 2009 ஜூன் 1-க்குப் பின் வந்தவர்களுக்குப் பெருக்குவதற்குப் பழைய ஊதியம் ஏது? விகிதத்தின் அடிமட்டமான 5,200-இல் உட்கார வைத்தார்கள்.

பெருக்கல் அதோடு நிற்கவில்லை. 2017-இல் ஏழாவது ஊதியக்குழு 2.57 என்ற எண்ணோடு வந்தது. முன்னவரின் 11,170 (தர ஊதியம் சேர்த்து) 28,707 ஆனது. பின்னவரின் 8,000, 20,600-இல் நின்றது. ரூ.3,170 ஆக இருந்த பள்ளம் ரூ.8,100 ஆகிவிட்டது. ஆண்டு ஊதிய உயர்வுகளைத் தள்ளிவிட்டு, தொடக்க ஊதியத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது. இதன்மேல் அகவிலைப்படி வேறு விழுக்காட்டில் ஏறும். 50 விழுக்காடு அகவிலைப்படி என்றால் வித்தியாசம் ரூ.12,000-ஐத் தாண்டும். தனி ஊதியம் என்று முதலில் ரூ.750, பிறகு ரூ.2,000 கொடுத்துப் பார்த்தது அரசு. புண்ணுக்கு மருந்தாக அது போதவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று எழுதிய அட்டைகளோடு சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரி சாலையில் அவர்கள் உட்காராத ஆட்சி இல்லை. 2018-இல் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. இதைச் சரிசெய்வதாக வாக்களித்தது. 2022 டிசம்பரில் மறுபடி உண்ணாவிரதம். 2023 புத்தாண்டு நாளில் மூன்று பேர் குழு அறிவிக்கப்பட்டது. குழு அமைப்பதில் எந்த ஆட்சியும் சளைத்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பின்னால் வந்தவர்களில் கணிசமானோர் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி வென்றவர்கள். 2012 ஜூலையில் நடந்த முதல் தகுதித் தேர்வில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தச் சல்லடையில் தங்கியவருக்குக் குறைந்த சம்பளம்; சல்லடையே இல்லாத காலத்தில் வந்தவருக்குக் கூடுதல் சம்பளம்!

“வாத்தியாருக்கு என்ன, வெயில் காலம் பூரா லீவு, ஒண்ணாந் தேதியானா சம்பளம்” என்று டீக்கடையில் பேசுகிறவருக்கு இந்தக் கணக்கு எட்டுவதில்லை. அவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.36,400, முதுகலை ஆசிரியருக்கு ரூ.36,900. படிகளும் ஆண்டு உயர்வுகளும் சேர்ந்து, பணிமூப்புள்ளவர் லட்சத்தைத் தொடுவது இன்று அதிசயமில்லை. நாட்டின் சராசரி தனிநபர் வருமானத்தோடு ஒப்பிட்டால் இந்திய அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் பல நாடுகளைவிட உயர்வானது என்று பொருளியலாளர்கள் ஜீன் டிரீஸும் அமர்த்திய சென்னும் எழுதியிருக்கிறார்கள். இருவரும் ஆசிரியர்களின் எதிரிகள் அல்லர்.

ஆனால் அந்தச் சம்பளத்துக்கு எதை வேலை என்று எண்ணுகிறோம்? கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. விதிவிலக்கு என்று சொல்லப்பட்ட மூன்றுமே பெரிய வேலைகள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். பள்ளிக்குள்ளே கல்வித் துறையின் எமிஸ் இணையதளம் காத்திருக்கும். வருகைப் பதிவு, மாணவர் விவரம், விலையில்லாப் பொருள் கணக்கு என எல்லாம் அதில் ஏற வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கைப்பேசியோடு மல்லுக்கட்டினால், ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்.

இவ்வளவும் காலமுறை ஊதியம் பெறுகிறவர்களின் கதை. தொகுப்பூதியம் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பவர்களைப் பார்த்தால் இவர்கள் குபேரர்கள். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் ரூ.5,000. அது 7,000, 7,700, 10,000 என நகர்ந்து 2023-இல் ரூ.12,500 ஆகும் என்று அறிவிப்பு வந்தது. பல ஆண்டுகள் மே மாதம் வந்தால் அதுவும் கிடைக்கவில்லை. பள்ளிக்கு விடுமுறை, வயிற்றுக்கும் விடுமுறை. பலர் வெளியேறிவிட, மிஞ்சியவர்கள் நிரந்தரம் கேட்டு நடையாய் நடக்கிறார்கள்.

2022-இல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப முடிவானபோது, இடைநிலை ஆசிரியருக்கு ரூ.7,500 என்றுதான் முதலில் அறிவித்தார்கள். பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. எதிர்ப்பு எழுந்த பிறகு அவை முறையே 12,000, 15,000, 18,000 ஆயின. இருபது ஆண்டுக்கு முன்பும் இதே காட்சிதான். ஜெயலலிதா ஆட்சியில் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டவர்களை 2006 ஜூனில் கருணாநிதி அரசு காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தது. அந்த நல்ல முடிவிலிருந்து அரசாங்கம் பாடம் எதையும் படிக்கவில்லை.

தனியார் பள்ளிக்குள் நுழைந்தால் விகிதம், படி, குழு என்ற பேச்சே கிடையாது. பெருநகரத்தின் பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சில நன்றாகக் கொடுக்கின்றன. சிறு நகர நர்சரி, மெட்ரிக் பள்ளியில் பி.எட். முடித்தவருக்குப் பத்தாயிரத்தைச் சுற்றியே பேரம் நடக்கும். அசல் சான்றிதழை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வது, வங்கியில் போட்ட சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் திருப்பிக் கேட்பது, ஏப்ரல் வெயிலில் மாணவர் சேர்க்கைக்குத் தெருத் தெருவாக அனுப்புவது ஆகியவை அங்கே வேலை செய்தவர்கள் நெடுநாளாகச் சொல்லும் புகார்கள். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியதும் இவர்களில் பலர் காய்கறி விற்கவும் கட்டட வேலைக்கும் போனார்கள். தெலங்கானா அரசு 2021-இல் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் ரூ.2,000-மும் 25 கிலோ அரிசியும் கொடுத்தது.

இவர்கள் ஏன் சட்டத்தின் கதவைத் தட்டுவதில்லை? தட்டியிருக்கிறார்கள். கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில், ஆசிரியர் தொழில் தகராறு சட்டம் சொல்லும் ‘தொழிலாளி’ அல்ல என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கற்பித்தல் உன்னதமான பணி என்பதும் அந்தத் தீர்ப்பின் வாதத்தில் இருந்தது. குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று 1996-இல் தீர்ப்பானது. 2004-இல் பணிக்கொடையும் கிடையாது என்றானது. உன்னதம் என்ற மாலையைப் போட்டே மூன்று வாசல்களையும் சாத்தியதுபோல் இருந்தது.

சம்பளத்தைக் கூட்டினால் படிப்பு உயருமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தோனேசியா 2005-இல் சட்டம் இயற்றி, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படை ஊதியத்தை இரட்டிப்பாக்கியது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். ஆசிரியர்களின் பணக்கவலை குறைந்தது, பக்கத் தொழில் குறைந்தது, மனநிறைவு கூடியது. மாணவர்களின் கற்றலில் மட்டும் மாற்றமில்லை. அதே முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரத்தில் செய்த ஆய்வில், நிரந்தர ஆசிரியரின் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாங்கிய ஒப்பந்த ஆசிரியர்கள் கற்பிப்பதில் சளைக்கவில்லை என்று தெரிந்தது. நிதித்துறைக்கு இது தேன்போல் இனிக்கும். ஆனால் குறைந்த கூலிக்கும் ஒருவர் மனம் கோணாமல் உழைக்கிறார் என்பது அவருக்குக் குறைத்துக் கொடுக்கக் காரணமாகாது. அந்த ஆய்வை ஆசிரியர்களுக்கு எதிராகப் பயன்படுத்துவதைவிட, அந்த நான்கு பங்கு வித்தியாசம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று கேட்பதே பொருத்தம். இங்கே ஊதியத்தைத் தீர்மானிப்பது வகுப்பறையில் நடப்பது அல்ல, நியமன ஆணையில் இருக்கும் தேதியும் அதன் தலைப்பும்தான்.

சாத்திய வாசல்களில் ஒன்று மட்டும் திறந்திருக்கிறது. 2009-இல் நாடாளுமன்றம் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களையும் அதில் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம். ரூ.15,000 சம்பளத்தில் இருபது ஆண்டு கழித்த ஆசிரியை பள்ளியை விட்டு வந்தால் அவருக்குச் சேர வேண்டியது சுமார் ரூ.1,73,000. பள்ளி நிர்வாகம் கொடுக்க மறுத்தால் அவர் மனுவோடு போக வேண்டிய இடம் கல்வித் துறை அலுவலகம் அல்ல. தொழிலாளர் துறை அலுவலகம்.